ஒரு மூடி குறையுது

காம்ப் தியாப்ல் அரசுப் பள்ளியில்
தமிழுக்கென்று அறை கிடையாது.
நூலக மூலையில்,
அச்சு முறிந்த உலக உருண்டைக்குப் பக்கத்தில்,
இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஏழு பேர்,
நான்,
ஒரு பிஸ்கட் டின்.

டின்னுக்குள் சோடா மூடிகள்.
ஜொவெனாவின் அப்பா பெட்டிக்கடைக்காரர்.
வெள்ளிதோறும் கை நிறைய அனுப்புவார்,
கழுவாமல்.
அதனால் எங்கள் தமிழில்
லேசாக எலுமிச்சை வாசம்.

ஓர் ஒலிக்கு ஒரு மூடி.
பால் என்றால் மூன்று.
ப், உதட்டைச் சேர்த்து ஒன்றைத் தள்ளு.
ஆ, திற, அடுத்தது.
ல், நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளட்டும், கடைசி.
பிறகு விரலை வைத்து
மூன்றையும் ஒரே இழுப்பு.

எழுதினால் ரெண்டுதானே மிஸ்,
முதல் நாளே மடக்கினாள் ஜொவெனா.
ஆமாம், பா என்பது
இருவர் குடியிருக்கும் ஒரே வீடு,
காது போய்த் தட்டினால் இருவரும் வருவார்கள்.
அந்தப் பதில் எனக்கே பிடித்துப்போய்
பாடக் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன்.

வேலென் பிரிப்பதில் சூரன்.
கல்லைப் பிரிப்பான், பேனாவைப் பிரிப்பான்,
கேட்காமலே என் பெயரையும் பிரித்துவிட்டான்.
ம். ஈ. ன்.
மூன்று மூடி. சரி.
சேர்க்கச் சொன்னால்
கொஞ்ச நேரம் மூடிகளை வெறித்துவிட்டு
"புவாசோன்" என்பான்.
கிரியோல் மீன்.
ஒலி தெரியும், பொருளும் தெரியும்,
இரண்டுக்கும் நடுவே எங்கேயோ
பஸ் நின்றுவிடுகிறது.

அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.
என் வீட்டிலும் ரசத்துக்கு மட்டும்தான் தமிழ்ப் பெயர்,
அதையும் ரசோன் என்போம்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்.
தூறல். வெளியே கரும்பு வெட்டி
மொட்டையாய்க் கிடக்கும் வயல்.
பட அட்டை: நிலா.
வேலென் தள்ளினான்.
பச்சை மூடி ந், சிவப்பு இ,
துருப்பிடித்தது ல், நீலம் ஆ.
சேர், என்றேன்.
மௌனம்.
பென்சில் உருண்டு
மேசைக்கு அந்தப் பக்கம் விழுந்தது.
எடுக்கப் போனவன்
அங்கேயே உட்கார்ந்துவிட்டான், எனக்கு எதிரே.
உட்கார்ந்து,
தன் இடக்கைப் பக்கம் இருந்த நீலத்தில் விரலை வைத்தான்.

ஆ. ல். இ. ன்.
மறுபடி, இன்னும் நெருக்கமாக.
ஆலின்.

தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன்.
உள்ளங்கையைக் காட்டி என்னை நிறுத்தினான்.
"ஒரு மூடி குறையுது, மிஸ்."
டின்னைக் கிளறி ஒன்றைத் தேர்ந்தான்,
அதுவும் துருப்பிடித்ததாய்ப் பார்த்து.
நீலத்துக்கு முன்னால் வைத்தான்.
ஒரே இழுப்பு:

லாலின்.

வானத்தில் இருப்பதற்கு
அவன் வீட்டில் அதுதான் பெயர்.

நான் தாளை எடுத்து எழுதிப் பார்த்தேன்.
நம்பாமல் இன்னொரு முறை.
எத்தனையோ வருடமாய் இரண்டு சொல்லும்
ஒரே வாய்க்குள் முதுகைக் காட்டிப் படுத்திருக்கின்றன,
எனக்குத் தெரியாமல்.
அந்த முன் மூடிகூட
பிரெஞ்சுச் சொல்லின் வாசலில் நின்றது.
எங்கே வெட்டுவதென்று தெரியாத காதுகள்
வாசலோடு சேர்த்தே தூக்கி வந்துவிட்டன,
கரும்புக் காட்டில் யாரும்
மூடி வைத்துச் சொல்லித் தரவில்லை.

அப்புறம் பாடம் நடக்கவில்லை.
மீனைத் திருப்பினார்கள்: நீம்.
ஒன்றுமில்லை.
பாலைத் திருப்பினார்கள்: லாப்.
ஒன்றுமில்லை.
ஜொவெனா தன்னைத் திருப்பி
ஆனெவொஜ் என்று சிரித்துச் சிரித்து
விக்கல் எடுத்து, தண்ணீர் குடிக்க ஓடினாள்.
மணி அடித்தது.

மறுநாள் அவனை இந்தப் பக்கமே உட்காரவைத்து
அதே அட்டையைக் காட்டினேன்.
ந், இ, ல், ஆ.
விரல் நிற்காமல் ஓடியது.
நிலா, என்றான்,
இதில் என்ன இருக்கிறது என்பதுபோல.

அடுத்து மீன்.
ம். ஈ. ன்.
வெறித்துப் பார்த்தான்.
எழுந்து மேசையைச் சுற்றிப் போய்
அந்தப் பக்கத்திலிருந்தும் பார்த்தான்.
"புவாசோன்."

சரி.
டின்னை அவன் பக்கம் தள்ளினேன்.